ரம்பம் நின்றால் கையைத் தூக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மாடியில் ரம்பம் நின்றது. நின்ற விதம் சரியில்லை. அறுத்து முடித்த ரம்பம் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் ஓயும். இது பேச்சின் நடுவே வாயைப் பொத்தியதுபோல் நின்றது. நான் சமையலறையில் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தேன். என் அம்மாவின் அரிவாள்மணை. கட்டை ஆடினாலும் சாணை பிடித்துப் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

"கயலு" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

கயல் என் மகள். இன்ஜினியரிங் படித்துவிட்டு, தஞ்சாவூரில் எங்கள் மொட்டைமாடிக் கொட்டகையில் மேசை நாற்காலி செய்து விற்கிறாள். கையில் தூக்கிப்போகிற மாதிரி மேசை ரம்பம் வேண்டும் என்றதும் கடைக்கு நானும் கூடவே போனேன். அவள் மோட்டார் வேகம், மேசையின் அகலம், பலகையை அணைத்துத் தள்ளுகிற தடுப்பு நேராக நிற்கிறதா என்றெல்லாம் பார்த்தாள். எனக்கு இருந்தது ஒரே கேள்வி.

"தம்பி, இதுல விரல் போகுமா?"

"மேல மூடி இருக்கும்மா. பின்னால இந்தத் தகடு, பலகை ஒதைக்காம பாத்துக்கும். தள்ளுறதுக்குக் கட்டையும் தர்றோம்."

"அதெல்லாம் சரி. போகுமா?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "வச்சா போகும்மா."

நேர்மையான மனிதர் என்று வாங்கிவிட்டோம்.

ரம்பம் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி வழியாக வேப்பம்பலகைத் தூளின் கசப்பு வாசனை இறங்கி வந்தது. அந்த வாசனை எனக்கு நன்னிலம் பக்கத்தில் இருந்த அப்பாவின் மரப்பட்டறை. அங்கே ரம்பத்தைச் சுழற்றியது வயலுக்குத் தண்ணீர் இறைத்த அதே ஆயில் எஞ்சின். மரம் அறுக்கிற நாளில் வயலுக்குத் தண்ணீர் கிடையாது. நாற்று வாடினால் அறுப்பு கிடையாது. அப்பா பாகம் பாகமாக மாற்றி மாற்றி, வாங்கியபோது இருந்த எஞ்சினில் மிஞ்சியது அதன் சத்தம் மட்டும்தான். தாம்பாளம் போல் வந்த ரம்பம், பல்லை அரத்தால் தீட்டித் தீட்டிச் சாப்பாட்டுத் தட்டாகச் சுருங்கியிருந்தது. புதிது வாங்கச் சொன்னால், "இப்பதான் அது நம்ம கைக்குப் படிஞ்சு வந்திருக்கு" என்பார்.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. பலகையின் பாதியில் ரம்பம் நின்றால், உள்ளே இருக்கிற எல்லாரும் விரல்களை விரித்து இரண்டு கையையும் தூக்க வேண்டும். அப்பா ஒவ்வொருவராகப் பார்த்து "சரி" என்ற பிறகுதான் பெல்ட் நழுவியதா, டீசல் தீர்ந்ததா என்று தேடலாம். வந்த விருந்தாளிக்கும் இதுதான். பள்ளிக்கூடத்தில் கரண்ட் போய் ஃபேன் நின்றாலும் நான் கையைத் தூக்கிவிடுவேன். பதில் தெரிந்த பிள்ளை என்று டீச்சர் எழுப்பிவிடுவார்.

எங்கள் ஊரில் குத்தகைத் தகராறு முற்றியிருந்த காலம். பண்ணையார் நிலத்தைத் திருப்பிக் கேட்டார்; குத்தகைக்காரர் கோவிந்தசாமி விடவில்லை. பண்ணையாரின் காரிலும் கோவிந்தசாமியின் சைக்கிளிலும் ஒரே கழகத்தின் கொடிதான் பறந்தது. "நம்ம ஆட்சி" என்று இருவருமே மிரட்டிக்கொண்டார்கள். எல்லையில் அடிக்க முளைக்குச்சி வேண்டும் என்று இரண்டு பேரும் அப்பாவிடம்தான் சொல்லியிருந்தார்கள். வாங்கிப்போக இருவரும் ஒரே காலையில் ஆளும் தடியுமாக வந்து நின்றார்கள். வாய்ச்சண்டை காதில் விழாமலிருக்க அப்பா அறுத்துக்கொண்டே இருந்தார். யாரோ தகவல் சொல்லிப் போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்ற நேரம் பார்த்து டீசல் தீர்ந்து ரம்பம் பாதியில் நின்றது.

தடிகள் கீழே விழுந்தன. எல்லாக் கைகளும் மேலே போயின.

சப்-இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே."

அப்பா இன்னும் "சரி" சொல்லவில்லை. அதனால் யாரும் இறக்கவில்லை. "அவன்தான் சார் மொதல்ல ஆள் கூட்டிட்டு வந்தான்" என்றார் பண்ணையார், கையைத் தூக்கியபடி.

"கையைத் தூக்கிக்கிட்டுப் பொய் சொல்லாதீங்கய்யா" என்றார் கோவிந்தசாமி, அவரும் தூக்கியபடி.

அப்பா எண்ணிக்கொண்டே வாசல் வரை வந்தார். "சார், நீங்களும் காட்டிட்டீங்கன்னா முடிஞ்சிரும்."

அவரும் காட்டினார். வழக்கு அதன் பிறகு கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுத்தது. அன்றைக்கு மட்டும் அடிதடி இல்லை.

இப்போது அந்த நிலம் மனைக்கட்டு, பண்ணையார் வீடு கல்யாண மண்டபம். எஞ்சினைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார். அந்தச் சத்தமும் புகையும் திரும்ப வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. ஆனால் ரம்பம் நின்றதும் சுற்றிலும் எழுந்த அந்தக் கைகள் இல்லை. கயல் தனியாக அறுக்கிறாள், காதை அடைத்துக்கொண்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு.

"கையைத் தூக்கு, கையைத் தூக்கு" என்று கத்தியபடி படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் தூக்கிவிட்டார். கயல்தான் திறக்கவில்லை. தட்டிய நேரம் எவ்வளவு என்று தெரியாது.

கதவு திறந்தது. காதடைப்பான் கழுத்தில் தொங்க, இரண்டு கையையும் விரித்துத் தூக்கியபடி கயல் வந்தாள்.

"கரண்ட் போயிருச்சும்மா. பத்தும் இருக்கு. நீ காட்டு."

தூக்கினேன். இடது ஆள்காட்டி விரலிலிருந்து ரத்தம் முழங்கை வரை வழிந்திருந்தது. ரம்பம் நின்ற நொடியில் அரிவாள்மணை தன் வேலையைப் பார்த்திருக்கிறது. படியெல்லாம் சொட்டு.

கயல் என் கையைத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிவிட்டு, "நாளைக்கு அந்தக் கடைக்குப் போவோம்மா" என்றாள். "மூடி வச்ச அரிவாள்மணை இருக்கான்னு கேப்போம்."