மூணு புள்ளி

பல்கலைக்கழகத்தில் என் மனைவிக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'மூணு புள்ளி'. மேற்படிப்புப் பிரிவு அலுவலகத்தில், மாணவர்களைக் கவனிக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். மதிப்பெண் சராசரி நாலுக்கு மூன்று புள்ளிக்குக் கீழே இறங்கும் முதுகலை மாணவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவது அவள் வேலை. அடுத்த பருவத்திலும் மூன்றைத் தொடாவிட்டால் படிப்பிலிருந்து நீக்கம். கண்ணைக் கசக்கிக்கொண்டு வருபவர்களிடம் விதிகளை மடமடவென்று ஒப்பிப்பாள். வீட்டுக்கு வந்து எனக்கும் ஒப்பிப்பாள். பள்ளி வேன் ஓட்டுகிறவன் நான். ஆனால் அந்த விதிகள் எல்லாம் எனக்கு அத்துப்படி.

அப்பேர்ப்பட்டவள் போன வருஷம் தானே முதுகலையில் சேர்ந்தாள். ஊழியர்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது சாக்கு. படிக்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாகவே உண்டு. பருவத்துக்கு ஒரு பாடம். முதல் பாடம் புள்ளியியல். சி வாங்கினாள். சி என்றால் இரண்டு புள்ளி.

எச்சரிக்கைக் கடிதங்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றுவிட்டாள். அனுப்புநர் அவள், பெறுநரும் அவளே. நேர்மையாகக் கையெழுத்துப் போட்டு, உறையிலிட்டு ஒட்டி, கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்துப் படித்து அதிர்ச்சி அடைந்தாள். நான் சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து விழுந்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் மறுநாளே புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். அடுத்த பாடத்தில் ஏ வாங்கினால் நாலு புள்ளி. சராசரி சரியாக மூன்று. ஒரு படி குறைந்தாலும் வெளியே.

படித்தாள் பாருங்கள், வீடே அமளிதுமளி. குளியலறைக் கண்ணாடி முழுக்கக் குறிப்புகளை ஒட்டிவைத்தாள். இடுக்கில் தெரிந்த பாதி முகத்தைப் பார்த்துத்தான் நான் தலை சீவினேன். இடைத்தேர்வில் வகுப்பிலேயே முதல். கடைசி வகுப்பு நாளன்று விடுப்பு எடுத்து, பாடிக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள். பாட்டு பாதியில் நின்றது.

"என்னங்க, நான் 'தேர்ச்சி மட்டும்'னு போட்டுத் தொலைச்சிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாடத்துக்குப் பதியும்போது ஏ, பி, சி என்று தரம் கேட்கலாம், அல்லது வெறும் 'தேர்ச்சி' போதும் என்று சொல்லலாம். ஆனால் தேர்ச்சி சராசரியில் சேராது. எவ்வளவு நன்றாக எழுதினாலும் இரண்டு புள்ளியிலேயே கிடக்க வேண்டியதுதான். புள்ளியியலில் சூடுபட்ட பயத்தில் பத்திரமான கட்டமாகப் பார்த்து டிக் அடித்திருக்கிறாள். இதை மட்டும் செய்யாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மகராசி! மாற்றிக்கொள்ள அன்று நண்பகல்தான் கெடு.

வேனில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். தன் ஜன்னலுக்கு முன்னால் தானே வரிசையில் நின்றாள். உள்ளே அவள் நாற்காலியில் இருந்தது, புதிதாகச் சேர்ந்து அவளிடமே வேலை பழகிய பெண்.

"அக்கா, அடையாள அட்டை?"

"என்னைத் தெரியலையாம்மா?"

"தெரியுதுக்கா. அட்டை இல்லாம யாருக்கும் செய்யாதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

அட்டை உள்ளே, மேசை டிராயரில் கிடந்தது. அந்தப் பெண் அதை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். என் மனைவி வாங்கி, அதே ஜன்னல் வழியாக முறைப்படி திருப்பி நீட்டினாள். அந்தப் பெண் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பின்னால் நின்ற மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை.

மாற்றிய பிறகு பி வந்தால் நீக்கம்தான், சம்மதமா என்று விதிப்படி கேட்டாள் அந்தப் பெண். சம்மதம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியை இவள் இரண்டு முறை படித்தாள். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு அடங்கியது. இந்தப் படிப்பு போனால் இவள் உடைந்துவிடுவாள் என்று பயந்தேன்.

முடிவு வந்த அன்று பள்ளி வாசலில் வேனை நிறுத்தியிருந்தேன். போன் வந்தது.

"மூணு."

"மேலயா, கீழயா?"

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. மூணு."

நான் ஹாரனை அழுத்திய அழுத்தில் பள்ளிக் காவலாளி ஓடிவந்தார்.

சாயங்காலம் இன்னொரு கடிதம் கொண்டுவந்தாள், எச்சரிக்கை நீங்கியது என்று. இதற்கும் அனுப்புநர் அவளே. அலுவலக வாசகத்துக்குக் கீழே புதிதாக ஒரு வார்த்தை இருந்தது: வாழ்த்துகள். இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்கு இந்தக் கடிதத்தை அனுப்பியிருக்கிறேன், ஒருத்தருக்காவது இதை எழுதத் தோன்றவில்லையே என்றாள்.

அடுத்த வாரம் போன எச்சரிக்கை நீக்கக் கடிதங்கள் எல்லாவற்றிலும் அந்த வார்த்தை இருந்தது. இது எந்த விதியில் வருகிறது என்று மேலதிகாரி கேட்டாராம். பிறந்ததிலிருந்து முதல்முறையாக என் மனைவிக்கு விதி எண் தெரியவில்லை. வார்த்தையை மட்டும் அவள் எடுக்கவில்லை.