இடுக்கி அக்காவின் சுத்தமான கை

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுப்பாள். நுண்ணோக்கிக்கு அடியில், ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில், நொய்யரிசி அளவுக்கு ஒரு புழு நெளிந்துகொண்டிருக்கும். இடது கை இடுக்கி தலைமாட்டைக் கவ்வும், வலது கை இடுக்கி வால்மாட்டைக் கவ்வும். ஒரே இழுப்பு. வெள்ளிக் கம்பி மாதிரி இரண்டு குழாய்கள் பளபளவென்று வெளியே வந்து கிடக்கும். ஒட்டு இருக்காது, பிசிறு இருக்காது. பிறகுதான் மூச்சை விடுவாள். கைபேசி அடித்தாலும் சரி, அந்த ஆய்வுக்கூடத்தையே நடத்துகிற பெரியவர் வந்து பின்னால் நின்றாலும் சரி, குழாய் வெளியே வராமல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

அவளுக்கு இடுக்கி அக்கா என்று பெயர் விழுந்தது அதனால்தான். இடுக்கி முனையைத் தானே கல்லில் தீட்டிக்கொள்வாள், வேறு ஒருவர் கைக்குக் கொடுக்கமாட்டாள். யாராவது இரவல் கேட்டால், "என் புருஷனை வேணும்னா கூட்டிட்டுப் போ, ரெண்டு நாள் வச்சுக்கோ. இதைக் கேக்காதே" என்பாள்.

கணவன் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் வாழைப்பழம் கொஞ்சம் கனிந்து, சின்னச் சின்ன ஈ நாலு சுற்றினால் போதும், அவருக்குக் கொண்டாட்டம். "இந்தா, உன் ஆபீஸ் ஆளுங்க தேடி வந்துட்டாங்க. இன்னிக்கி லீவுன்னு சொல்லி அனுப்பு" என்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. அந்த ஈயிடம் அவளுக்கு மரியாதை உண்டு. பழ ஈதானே என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

ஈக்கு நுரையீரல் கிடையாது. முதுகோரமாகத் தலையிலிருந்து வால் வரைக்கும் ஓடுகிற இரண்டு குழாய்கள், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து மயிரிழை. காற்று நேராக உடம்பின் மூலை முடுக்கெல்லாம் போய்விடும். முட்டைக்குள்ளேயே அந்தக் குழாய் உருவாகிவிடுகிறது. புழுவாகி வளர்ந்து தோல் உரிக்கும்போது, குழாயின் உள்தோலும் சேர்ந்து உரிகிறது. கூட்டுப்புழுவானதும் பழைய குழாய் பெரும்பாலும் அழிந்து, ஈக்கு ஏற்ற புதுக் குழாய் எழுகிறது. இந்தப் பருவம் ஒவ்வொன்றிலும் குழாயின் செல்களுக்குள் எந்த ஜீன் வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்ப்பதுதான் இடுக்கி அக்காவின் உத்தியோகம். "வீடு முழுக்க விளக்கு இருக்கு. எந்த நேரத்துல எந்த விளக்கு எரியுதுன்னு எட்டிப் பாக்குறேன், அவ்வளவுதான்" என்று மாமியாருக்கு ஒருமுறை விளக்கினாள். "இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க!" என்று மாமியார் வாய் பிளந்தாள்.

அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவள் புதுசு. வந்து மூன்று வருஷமானாலும் பெயர் புதுசுதான். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, படிப்பை முடித்தே தீருவது என்று வந்தவள். அவளுக்கு இழுக்க வராது. புழுவின் வயிற்றைக் கீறித் திறந்து, குழாயைச் சுற்றியிருப்பதோடு சேர்த்து மெல்ல மெல்லத் தோண்டி எடுப்பாள். எடுப்பதில் மஞ்சளாகக் கொழுப்பு ஒட்டிக்கொண்டு வரும். இடுக்கி அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "குழாய் கேட்டா குழம்பு வச்சிருக்கே. கொட்டு" என்பாள். புதுசு கொட்டுவாள். ஒருநாள் கொட்டாமல், "அக்கா, இதையும் ஒருதரம் அளந்து பாத்துடலாமே" என்று கெஞ்சினாள். அளந்தார்கள். தோல் உரிக்கிற நேரத்துக் குழாயில் ஏகப்பட்ட ஜீன்கள் வேலை செய்வதாக வந்தது. இடுக்கி அக்கா எடுத்த குழாயிலோ, அதே நேரத்தில் எல்லாமே அடங்கிக் கிடந்தது.

"உன்னோடது கொழுப்போட கணக்கு. குழாயோடது இல்ல" என்று முடித்துவிட்டாள் இடுக்கி அக்கா. கூடத்தில் அதற்கு மேல் மறுபேச்சு கிடையாது.

பெரியவருக்கு அக்காவின் முடிவு பிடித்துப்போயிற்று. தோல் உரிக்கும்போது மூச்சுக்குழல் மௌனமாகிறது என்று கட்டுரை எழுதி ஓர் ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். புதுசின் கைக்கு வேலை படியவில்லை, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. குழந்தை படத்தை மேசையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பத்திரிகைக்காகக் கட்டுரையைச் சோதித்தவர்கள் ஒரு படம் கேட்டார்கள். செல்லின் உட்கரு ஒவ்வொன்றும் நீலமாக ஒளிரும்படி சாயம் போட்டு, உரிக்கிற நேரத்துக் குழாயைக் காட்டச் சொன்னார்கள். ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், இடுக்கி அக்கா வழக்கம்போல் இழுத்து, சாயம் போட்டு, பெரிய நுண்ணோக்கியில் வைத்தாள்.

நீலம் இல்லை. குழாய் இருக்கிறது, அதன் வளையம் வளையமான கோடு துல்லியமாகத் தெரிகிறது, ஒரு பொட்டு நீலம் இல்லை. சாயம் கெட்டுப்போயிருக்கும் என்று புதுப் புட்டியைத் திறந்தாள். இன்னொரு புழு. அதுவும் அப்படியே. பிறகு என்ன தோன்றியதோ, குப்பைக்குப் போக இருந்த புழுவின் வெற்றுடம்பை எடுத்து அதற்குச் சாயம் போட்டாள். அதற்குள்ளே, குழாய் இருந்த தடத்தில், இரண்டு பக்கமும் நீலப் பொட்டுகள் வரிசை வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

உரிக்கிற நேரத்தில் பழைய உள்தோல் செல்லை விட்டுக் கழன்று நிற்கும். வெடுக்கென்று சுத்தமாக இழுத்தால் அது மட்டும் வந்துவிடும், சட்டைக் கையைப் பிடித்து இழுத்தால் சட்டை மட்டும் வருகிற மாதிரி. ஆள் உள்ளேயே நிற்பான். இத்தனை நாளும் அவள் பனிக்கட்டியில் பத்திரப்படுத்தி அளந்தது வெறும் சட்டை. ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு செல்லின் கணக்கைத்தான் மௌனம் என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் மோசமான கை இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. நேராகப் பெரியவர் அறைக்குப் போனாள்.

"சார், கட்டுரையைத் திரும்ப வாங்கிடுங்க."

"என்னம்மா ஆச்சு? படம் சரியா வரலையா?"

"படம் சரியாத்தான் வந்துது. நான்தான் கழண்ட தோலை மட்டும் எடுத்துக் குடுத்திருக்கேன். உயிர் உள்ளேயே கிடக்கு. எல்லா ஜீனும் ஒண்ணா அடங்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். என் கை மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். "ஒரு பருவம்தானே. கட்டுரையிலேருந்து அதை மட்டும் சத்தமில்லாம நீக்கிட்டா?"

"கட்டுரையே அதுதானே சார்."

"இது போச்சுன்னா அடுத்த வருஷம் இங்க யாருக்கும் இடம் உறுதி இல்ல. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிப் பிடிவாதம்?"

"புதுசு எடுத்தது அழுக்குதான் சார், அதை நான் இல்லைங்கல. ஆனா அதுல குழாய் இருந்துது. என்னோடதுல இல்ல. அவளை அனுப்பிட்டு நான் எதை வச்சு வேலை செய்ய?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "கட்டுரையைத் திரும்ப வாங்கிடறேன். அவளை இருக்கச் சொல்லு" என்றார். குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

புதுசு அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்திருந்தாள். இடுக்கி அக்கா குழாய் இருந்த கண்ணாடித் தட்டையும் வெற்றுடம்பு இருந்த தட்டையும் நுண்ணோக்கியில் மாற்றி மாற்றிக் காட்டினாள். புதுசு முதல் தட்டைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், மறுபடியும் முதலாவதைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அப்போ நான் கொட்டினதெல்லாம், அக்கா?"

"கொட்டச் சொன்னது நான்."

"மூணு வருஷம் அக்கா."

 மன்னிப்பு என்ற சொல் இடுக்கி அக்காவின் வாயிலிருந்து எப்போதும் வந்ததில்லை, அன்றைக்கும் வரவில்லை.  "மாசக் கடைசி கணக்கெல்லாம் கிடையாது. நீ இருக்கே, சார் சொல்லிட்டார். நீ எப்படிக் கீறித் திறக்கறேன்னு நான் ஒழுங்காப் பாத்ததே இல்ல. உக்காரு. காட்டு" என்றாள்.

புதுசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு சொட்டில் ஒரு புழுவை விட்டாள்.  அவளுடைய மேசை விளக்கின் கழுத்து தளர்ந்து, வெளிச்சம் புழு மேல் விழாமல் சரிந்துகொண்டேயிருந்தது. இடுக்கி அக்கா தன் முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விளக்கைத் தூக்கி, அவள் முடிக்கும் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.