மீன் பக்கத்து ஐஸ்

போன கிழமை மகளின் புது வீட்டில் பிரிட்ஜைத் தேடிக் களைத்துப் போனேன். ஒரு கதவைத் திறந்தால் கோப்பை கழுவும் மெஷின், இன்னொன்றைத் திறந்தால் குப்பை வாளி. "அப்பா, பிரிட்ஜ் அலுமாரிக்குள்ள இருக்கு" என்று சிரித்தாள். அதைப் போய் ஏன் ஒளித்து வைக்கிறார்கள்? நாங்கள் எங்கள் பிரிட்ஜை முன் ஹோலில் அல்லவா வைத்திருந்தோம்!

பெருமைக்கு வைக்கவில்லை, சத்தியமாக. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லண்டனின் மிச்சம் பகுதியில் வாங்கிய எங்கள் சின்ன வீட்டின் குசினி வாசலுக்குள் அது நுழையவில்லை. இரட்டைக் கதவு 'அமெரிக்கன் பிரிட்ஜ்'. வாசலை அளக்காமல் வாங்கிய புத்திசாலி நான்தான். கொண்டுவந்தவர்கள் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். பிறகென்ன, பெருமையும் தானாக வந்து சேர்ந்துகொண்டது. கதவில் ஒட்டியிருந்த பொலித்தீனை வருடக்கணக்காக உரிக்கவில்லை.

என் மனைவி வசந்திக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படியொரு பிரிட்ஜில் ஒரு கண். யாழ்ப்பாணத்தில் அவளுடைய பூமிசாத்திரப் புத்தகத்துக்கு உறை போட்டது ஒரு பழைய அமெரிக்கச் சஞ்சிகைத் தாளில். திறந்த பிரிட்ஜுக்கு முன்னால் முத்துமாலை போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி சிரிப்பாளாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, அங்கே சாதாரணக் குடும்பங்களுக்கும் வீடும் காரும் வாய்த்த காலத்துப் படம். எங்களை எங்கள் போர் லண்டனுக்குத் துரத்தியது. அந்தச் சிரிப்பு எங்களுக்கு ஓவர்டைம் செய்துதான் கிடைத்தது.

ஆனால் வசந்தி இரட்டைக் கதவு பிரிட்ஜ் கேட்டது என் அக்காவுக்காக. லண்டனிலேயே சட்டன் பகுதியில் இருந்த அக்கா, ஆர்ச்வே கோயில் முருகனுக்கு நேர்ந்து மீன், இறைச்சி என்று மச்சத்தை அடியோடு விட்டவர். மீன் வைத்த பிரிட்ஜிலிருந்து எதையும் தொடமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் கைப்பைக்குள் தேத்தண்ணிப் போத்தலும் வரும். "உங்கட அக்கா என்ர கையால ஒரு வாய் சாப்பிடமாட்டாவோ?" என்று வசந்தி அழுதிருக்கிறாள். நான் யாரைக் கோபிப்பது, சொல்லுங்கள்?

பிரிட்ஜ் வந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவை அழைத்தோம். வசந்தி வலக் கதவைத் திறந்து காட்டினாள். "மச்சாள், இந்தப் பக்கம் முழுக்கச் சைவம். மீனெல்லாம் மற்றப் பக்கம். இடையில சுவர்."

அக்கா தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். "ஓம், மணம் இல்லை. கொஞ்சம் தேசிக்காய்த் தண்ணி தா பிள்ளை."

வசந்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கரைத்து வைத்திருந்த எலுமிச்சைத் தண்ணியைக் கிளாஸில் ஊற்றினாள். அந்தப் புளுகத்தில் கிளாஸைக் கதவில் இருந்த ஐஸ் பொத்தானில் வைத்து அழுத்தினாள். கடகடவென்று ஐஸ்கட்டிகள் விழுந்தன, மீன் பக்கத்துக் கதவிலிருந்து!

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. "ஐயோ மச்சாள், வேற ஊத்திக்கொண்டு வாறன்" என்றாள் வசந்தி. அக்கா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"நல்லாய்க் குளிருது. சோத்தைப் போடு பிள்ளை, பசிக்குது."

தேத்தண்ணிப் போத்தலைப் பிறகு நாங்கள் கண்டதில்லை. மார்கழிக் குளிரிலும் அக்கா வந்தவுடன் கேட்பார்: "ஐஸ் போடு பிள்ளை."

பிரிட்ஜ் பழுதாகி கவுன்சில் லொறியில் போனது. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன கிழமை மகள் கடைசியில் சரியான கதவைத் திறந்து காட்டினாள். ஓட்ஸ் பால், கீரை, சோயாக்கட்டி. அவளும் மருமகனும் மீன், முட்டை எல்லாம் விட்டுக் கனகாலம். முழுப் பெட்டியும் சைவம்.

"ஐஸ் இல்லையோ பிள்ளை?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"ஐஸோ? ஆருக்கப்பா?" என்றாள்.