பீஸ் என்று நான் காட்டித் திரிந்த நரம்பு

வீட்டில் இருக்கிற எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி டொக்டர் சொன்ன நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எல்லாரும் என்றால் யார், மனைவியும் மகளும்தான். மனைவியின் உடம்பில் ஒன்றுமில்லை, பார்த்துவிட்டோம். மகளுக்குத்தான் இடது தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு தேமல், சோடா மூடி அளவில், வெளிறிப்போய். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, வெயிலில் ஓடித் திரிகிறாள், தேசிக்காய்ப் புளி தேய்த்தால் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்த தேமல். இப்போது அதைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். எனக்கு வந்திருப்பது தொழுநோய். அவளுக்கும் அதுதானா என்பது தெரியவேண்டும்.

நரம்பு வீக்கத்துக்கென்று எனக்குத் தந்த குளிசை வேறு ஆளைப் போட்டு ஆட்டியது. நித்திரை இல்லை, ஓயாத பசி. கிழிந்த வலையைப் பொத்த உட்காருவேன், நாலு கண் பொத்தமுன் எழும்பிவிடுவேன். மத்தியான வெயிலில் கரை நீளத்துக்கு நடப்பேன், திரும்பி வருவேன்.

"இஞ்சருங்கோ, ஒரு இடத்தில இருங்கோவன். உங்களைப் பார்க்க எனக்குத் தலை சுத்துது" என்பாள் மனைவி.

"நீ வேற! இருக்க ஏலுமெண்டா இருக்கமாட்டனே?"

இந்தக் கூத்தெல்லாம் ஒரு பீஸில், ஷெல் வெடித்துச் சிதறின துண்டில், தொடங்கியது. கடைசிச் சண்டையில் எனக்கு முழங்கையில் காயம். தறப்பாள் கூடாரத்துக்குள் வைத்துக் காயத்தைத் தைத்தவர், "உள்ளுக்க ஷெல் பீஸ் கிடக்கும், பிறகு எடுக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு யார் எடுத்தது! எங்கள் கரையில் பீஸ் இல்லாத ஆளைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும். ஒருவருக்குத் தொடையில், இன்னொருவருக்கு முதுகெலும்புக்குப் பக்கத்தில். மாரி தொடங்கமுன் "எனக்குக் குத்துது, மழை வரப்போகுது" என்பார்கள். அதைக் கேட்டு, தொழிலுக்குப் போவதா விடுவதா என்று முடிவெடுக்கிற ஆட்களும் உண்டு. எனக்கு ஒரு மழைக்கும் குத்தியதில்லை. குத்துகிறது என்று நானும் சும்மா சொல்லி வைப்பேன். இல்லாவிட்டால் மதிக்கமாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் முழங்கைக்குப் பின்னால், உட்பக்கமாக, தோலுக்குக் கீழே கயிறு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. சரி, பீஸ் இடம் மாறி மேலே வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்டவருக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டினேன். அழுத்திப் பார்த்துவிட்டு "ஓம், நல்ல பெரிய பீஸ்தான்" என்பார்கள். மகளுக்கு அது விளையாட்டுச் சாமான். மடியில் வந்து இருந்துகொண்டு "அப்பான்ர ஷெல்" என்று உருட்டிக்கொண்டிருப்பாள். பிறகு சின்னவிரல் விறைத்தது. பீஸ் நரம்பை அமத்துகிறது என்றார்கள். நானும் அதையே சொன்னேன்.

ஒருநாள் காலமை களப்பிலிருந்து வலையைக் கொண்டுவந்து நானும் மனைவியும் நண்டு கழற்றிக்கொண்டிருந்தோம். நான் யாரையோ திட்டிக் கதைத்துக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று, "ஐயோ மாதாவே, உங்கட விரல்!" என்று கத்தினாள். குனிந்து பார்த்தால் ஒரு நண்டு என் சின்னவிரலைக் கவ்விக்கொண்டு தொங்குகிறது. இரத்தம் முழங்கை வரை வழிந்திருக்கிறது. நான் கதையை நிறுத்தவேயில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது கோபத்தோடுதான் போனேன். "இந்தப் பீஸை வெட்டி எடுத்துவிடுங்கோ, இனி வைச்சிருக்கேலாது" என்றேன். முக்காடு போட்ட இளம் டொக்டர், பொறுமையான பிள்ளை, எக்ஸ்ரே எடுப்பித்துப் பார்த்தார்.

"கைக்குள்ள இரும்பு ஒண்டும் இல்லை அண்ணை."

"அப்ப இது என்ன?" என்று கையை மடக்கி நீட்டினேன்.

அவர் அதை விரலால் உருட்டினார். மற்றக் கையிலும் தேடிப் பார்த்தார். போட்டிருந்த சேட்டைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். அங்கே எனக்குத் தெரியாமல் ஒரு வெளிறல் இருந்திருக்கிறது. பஞ்சால் தொட்டுத் தொட்டு, தெரியுதோ என்று கேட்டார்; வெளிறலில் தொட்டது எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் சொன்னார்: "இது உங்கட சொந்த நரம்பு. வீங்கிப்போய்க் கிடக்கு." அதற்குப் பிறகு வருத்தத்தின் பெயரையும் சொன்னார்.

விசர் வந்தது எனக்கு. ஷெல் என்றால் ஷெல், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, ஊரே சுமக்கிற சாமான். இந்தப் பெயரை எப்படி வெளியில் சொல்வது? இவ்வளவு காலமும் என் நரம்பை ஊருக்கெல்லாம் பிசையக் கொடுத்திருக்கிறேன் என்று நினைக்கச் சிரிப்பும் வந்தது.

டொக்டர் நான் அடங்கும்வரை இருந்தார். "கரண்ட் வயருக்கு மேல ரப்பர் உறை இருக்கெல்லோ? நரம்புக்கும் அப்பிடி ஒரு உறை இருக்கு. ஆனா அது உயிருள்ள கலங்களால ஆனது. இந்தக் கிருமி அந்தக் கலங்களுக்குள்ள போய்க் குடியிருக்கும்." அதற்குக் குளிர்ச்சி விருப்பமாம். அதனால் ஆழத்தில் ஓடுகிற நரம்பை விட்டுவிட்டு, முழங்கை மாதிரித் தோலுக்குக் கிட்ட ஓடுகிற இடத்தைப் பிடிக்குமாம். அவசரமே இல்லாமல், வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பெருகுமாம். கலத்துக்குள் ஒளித்திருக்கிறதால் உடம்புக்குக் கனகாலம் தெரியவராது. தெரிந்ததும் உடம்பு சண்டைக்கு வரும், அந்த ஒடுங்கின இடம் வீங்கும்.

"சண்டை பிடிக்கிறது ரெண்டு பக்கம். நடுவில நசியிறது நரம்பு" என்றார்.

"அதை எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, டொக்டர்" என்றேன்.

செத்துப்போன நரம்பு திரும்பாது, வீக்கத்தில் அமந்து கிடக்கிறது மட்டும் திரும்பலாம் என்றார். கிருமியைக் குளிசை கொன்றுவிடும். குடிக்கத் தொடங்கினால் என்னிடமிருந்து இனி யாருக்கும் தொற்றாது.

"அதுக்கு முந்தி?" என்று கேட்டேன்.

"முந்தி, கனகாலம் கிட்ட இருந்த ஆக்களுக்குத் தொத்தியிருக்கலாம். எல்லாருக்கும் தொத்தாது. வீட்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பாப்பம்." என் கையைப் பற்றிக் கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அத்தோடு மறந்துபோயின.

கரையில் கேட்டவர்களுக்கு, பீஸ் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று மனைவி சொல்லிவிட்டாள். மகளுக்கும் அப்படித்தான் சொன்னோம். கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கிற வாங்கில், எங்கள் கரையில் வள்ளங்கள் வைத்து ஆட்களை நடத்துகிற சம்மாட்டியார் இருந்தார், சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்தவர். "என்னடாப்பா, பீஸை எடுத்தாச்சோ?" என்றார். "இன்னும் இல்லை, சம்மாட்டியார்" என்றேன்.

உள்ளே டொக்டர் மகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பது மாதிரிச் சொன்னார். "கண்ணை மூடுங்கோ. பஞ்சு படுற இடத்தை விரலால தொட்டுக் காட்டவேணும், சரியோ?" அவளுக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் துள்ளினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். புறங்கையில் தொட்டார், காட்டினாள். கழுத்தில் தொட்டார், கூசுது என்று சிரித்துக்கொண்டு காட்டினாள். முழங்காலையும் காட்டினாள். பிறகு பஞ்சு தேமலுக்கு வந்தது.

அவள் காட்டவில்லை. டொக்டர் திரும்பவும் தொட்டார். மகள் ஒரு விரலை நீட்டித் தயாராகப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு இருக்கிறாள். பஞ்சு அவள் தோலில்தான் நிற்கிறது.

"டொக்டர், தொடுங்கோவன்" என்றாள்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டேன். மனைவி என் சேட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சத்தமும் போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் அவசரப்படவில்லை. இரண்டு முழங்கை, கழுத்து, முழங்காலுக்குப் பின்பக்கம், எல்லா நரம்பையும் தடவிப் பார்த்தார். கையை இறுக்கிப் பொத்தச் சொன்னார், விரலை விரிக்கச் சொன்னார். "நரம்பு ஒண்டும் வீங்கேல்லை. இந்த ஒரு இடத்தோட நிக்குது. நேரத்தோட கண்டிட்டம், குளிசையோட முழுசா மாறும், சுகமாகிடும்" என்றார். நிச்சயமோ என்று கேட்டேன். நிச்சயம் என்றார். கதவடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொருமுறை கேட்டேன்.

குளிசை தரும்வரை வெளியே வாங்கில் இருந்தோம். சம்மாட்டியார் இன்னும் போகவில்லை. மகள் தோளைத் திருப்பித் திருப்பி அந்தத் தேமலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்திப் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அப்பா, எனக்கு எப்ப ஷெல் பட்டது? நான் அப்ப பிறக்கேல்லையே?"

மனைவி என் தொடையில் நுள்ளினாள். ஏதாவது சொல்லிச் சமாளியுங்கோ என்று அதற்கு அர்த்தம். சம்மாட்டியார் சிரிக்க ஆயத்தமாகத் திரும்பினார். என்னால் முடியவில்லை. இந்தப் பொய்யையும் இவள் தலையில் கட்டிவிட என்னால் முடியவில்லை.

"ஷெல் இல்லை மோள்" என்றேன். "இதுக்குப் பேர் தொழுநோய். எனக்கும் அதுதான். பீஸ் எண்டு நான் சொன்னதெல்லாம் பிழை. என்னட்ட இருந்துதான் உனக்கு வந்திருக்கும்."

சம்மாட்டியாரின் சிரிப்பு நின்றுவிட்டது. எழும்பிப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாறுமோ?" என்றாள் மகள்.

"உனக்கு முழுசா மாறும்."

"உங்களுக்கு?"

"என்ர விரல் திரும்புமோ தெரியாது."

அவள் என் சின்னவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நண்டு கழட்டேக்க நான் பக்கத்தில இருந்து பாக்கிறன். கடிச்சா உங்களுக்குச் சொல்லுறன்" என்றாள்.

அவ்வளவு பேருக்கும் முன்னால் நான் வாய்விட்டு அழுதேன்.