ஒன்பதாவது வீட்டுக்கும் ஒயர்

அன்று எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, லேத் பட்டறை அண்ணாத்தே, ஆட்டோ ஓட்டுகிறவர், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெயிண்டர், நிறைமாதமாக இருந்த அவர் மனைவி.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்டர்காம் பெட்டிகளுக்கு உதிரிபாகம் பூட்டும் வேலை. கழித்த பெட்டிகளை விலைக்கு வாங்கி, ஆவடியில் எங்கள் தெரு வீடுகளை ஒரே ஒயரில் இணைத்திருந்தேன். பொத்தானை அமுக்கினால் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். முதல் வீட்டுக்கு ஒரு மணி, இரண்டாவதற்கு இரண்டு. எண்ணிப் பார்த்து உரியவர் எடுக்க வேண்டும்.

நாலு வீடாக இருந்தவரை குரல் கணீரென்று கேட்டது. எட்டானதும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. மணியைத் தப்பாக எண்ணி எடுத்தவர்கள் திரும்ப வைக்காமல் அடுத்தவர் கதை கேட்கிறார்கள் என்று வேறு புகார். இப்போது பெயிண்டர் ஒன்பதாவதாகக் கேட்டார்.

“இன்னொரு ஊடு சேத்தா நாம பேசுறது நமக்கே கேக்காது நைனா,” என்றார் லேத் அண்ணாத்தே. “ஒம்போது மணிய எவன் எண்ணிகினு இருப்பான்?”

“உனுக்கு மூணு மணி. அதையே நீ எண்றதில்ல அண்ணாத்தே,” என்றார் ஆட்டோக்காரர்.

“ஏழாவதா வந்தவன் நீ. பேசாம இரு.”

“பகல்ல அவ தனியா கீறாண்ணா,” என்று பெயிண்டர் என்னைப் பார்த்தார். “துட்டு கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்.”

குரல் அடியோடு போய்விட்டால் எட்டு வீடும் என் சட்டையைத்தான் பிடிக்கும். அந்தப் பயத்தோடேயே மறுநாள் ஒயர் இழுத்தேன்.

அடுத்த வாரம், எனக்கு இரவு ஷிப்ட். வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம். மணி அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. எண்ண முடியாமல் எல்லா வீட்டிலும் எடுத்துவிட்டார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எடுத்ததில் பெயிண்டர் மனைவியின் குரல் நூலாகத் தேய்ந்து, “வலிக்குது” என்பது மட்டும் வந்து சேர்ந்தது. நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் அவள் வாசலில் ஆட்டோ நின்றது. இரண்டு பெண்கள் அவளைத் தாங்கி ஏற்றினார்கள். ஒருத்தி லேத் அண்ணாத்தேயின் மனைவி, கையில் தலையணையோடு.

நாலு வீட்டோடு நிறுத்தியிருந்தால் குரல் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஏழாவது வீட்டு ஆட்டோ இருந்திருக்காது.

பெண் குழந்தை. சாயங்காலம் லேத் அண்ணாத்தே வந்தார். “குரலு ரொம்ப மோசம் நைனா,” என்றார். “கோடி ஊட்டுக்காரரு ஒரு பெட்டி கேக்குறாரு. போட்டுக் குடுத்துடு.”

அப்புறம் பதினைந்து வீடுவரை போட்டேன். அந்தத் தெருவில் என்னை யாரும் எட்டாவது படித்தவன் என்று பார்த்ததில்லை.

பெயிண்டர் ஒயருக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுத் திருநின்றவூருக்குக் குடிபோனார். மீதியை நான் கேட்கவில்லை. பெட்டிக்கு வரவேண்டியது இன்னும் நூற்றிருபது ரூபாய்.