முப்பது அடிக்கு மேல் நடக்காத காளைகள்

திண்டுக்கல்லில் பணம் வைக்கும் இரும்புப் பெட்டி செய்யும் பட்டறை ஒன்றில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது, எனக்குப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் பௌதிகத்தில் நல்ல மார்க். அது போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேறு யாரையும் கேட்கவில்லை.

என் முதல் டெலிவரி, தோல் மண்டி ராவுத்தர் வீட்டு மாடிக்கு. ஆயிரத்து இருநூறு ராத்தல் பெட்டி. மாடிப்படி என்னையே யோசித்துத்தான் உள்ளே விடும். தெருப்பக்கம், கைப்பிடிச் சுவர் கட்டாத மாடி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். உயரம் பன்னிரண்டு அடி.

"ஆள் வச்சு இழுப்போமா?" என்றார் முதலாளி.

"வேணாம் முதலாளி. கமலை மாடு ஒரு ஜோடி போதும்."

கிணற்றில் கமலை இறைக்கும் மாடுகள் ஒரு சால் தண்ணீரை இழுக்கும். ஏறக்குறைய முந்நூறு ராத்தல். மாடிக்கு மேலே நீட்டிய உத்திரத்தில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்று இரட்டைச் சக்கரக் கப்பி மாட்டினால் பெட்டியை நாலு கயிறு தாங்கும். இழுக்கிற மாட்டுக்குக் கனம் நாலில் ஒரு பங்கு. சரியாக ஒரு சால்! சிலேட்டில் போட்டுக் காட்டினேன். முதலாளி சிலேட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பெட்டி மட்டும் மேல போகலைன்னா, நீ பட்டறைப் பக்கம் தலவச்சுப் படுக்கக்கூடாது. தெரியும்ல?"

வடமதுரையிலிருந்து சின்னச்சாமி தம் காளைகளை ஓட்டிவந்தார். தெருவே கூடிவிட்டது. காளைகள் இழுத்தன. பெட்டி பூப்போல எழும்பியது. நான் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடாத குறை.

ஏழரை அடியில் பெட்டி நின்றது. காளைகள் செத்த நேரம் எதையோ எதிர்பார்த்து நின்றன. பிறகு அப்படியே பின்னடி வைத்து வந்தன. பெட்டி பதமாக இறங்கிப் பழைய இடத்தில் உட்கார்ந்தது. மறுபடி ஓட்டினோம். அதே ஏழரை, அதே பின்னடி.

"ஏலே, பெட்டிக்குள்ள தண்ணி இருக்கான்னு பாரு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ராவுத்தர் வாசலுக்கு வந்தார். "தம்பி, பெட்டிய மேல வைக்கச் சொன்னேன். ஊஞ்சல் கட்டச் சொல்லலையே."

முதலாளியின் பக்கம் நான் திரும்பவே இல்லை. சின்னச்சாமியிடம் கேட்டேன். "ஏண்ணே நிக்குதுக?"

"எங்க கெணத்துல முப்பது அடி நடந்தாச் சால் மேல வந்து தண்ணிய ஊத்திரும். அப்புறம் பின்னடி வச்சுச் சால எறக்கணும். அதுகளுக்கு அங்கிட்டு என்ன சோலி?"

ஓடிப்போய்த் தெருவை அளந்தேன். மாடுகள் நடந்தது சரியாக முப்பது அடி. பெட்டி ஏறியது அதில் கால் பங்கு. விசை நாலில் ஒன்றானால் இடப்பெயர்ச்சி நாலு மடங்காகும். மொத்த வேலை குறையாது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். பன்னிரண்டு அடிக்கு நாற்பத்தெட்டு அடி நடக்க வேண்டும். கனத்தை அச்சாக ஒரு சாலுக்குக் கொண்டுவந்து, இது கிணறுதான் என்று காளைகளை நம்பவைத்ததும் நானேதான்.

"சாட்டையால ரெண்டு போடு," என்றார் முதலாளி.

"என் மாட்டுமேல சாட்டை பட்டா, இப்பயே அவுத்துட்டுப் போயிருவேன்," என்றார் சின்னச்சாமி.

"அடிக்க வேணாம். நடையை ரெண்டாப் பிரிச்சுக்குவோம்," என்றேன்.

மூன்றாம் தடவை ஓட்டினோம். காளைகள் முப்பதாவது அடியில் நின்ற அந்தச் செத்த நேரத்துக்குள், கயிற்றை எதிர்வீட்டுக் கல்தூணில் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினோம். பெட்டி அந்தரத்தில் நின்றது. காளைகள் நிம்மதியாகப் பின்னடி வைத்து வந்தன. கயிற்றைக் குட்டையாக்கி மறுபடி பூட்டி, தூணில் போட்ட சுற்றை அவிழ்த்தோம். இன்னும் பதினெட்டு அடி நடந்ததும் பெட்டி மாடி மட்டத்துக்கு வந்தது. மேலே நின்ற ஆட்கள் உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

நுகத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டோம். காளைகளுக்கு அது தெரியவில்லை. மிச்சமிருந்த பன்னிரண்டு அடியையும் வெறுமனே நடந்து, நின்று, பின்னடி வைத்து வந்து சேர்ந்தன.

முதலாளி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "நாளைக்குச் சீக்கிரம் வா. சிலேட்டை வீட்டுல வச்சுட்டு வா."

அதன் பிறகு எத்தனையோ பெட்டி ஏற்றிவிட்டேன். கப்பி மாட்டியதும் யாராவது "ரொம்ப லேசா இருக்கே" என்றால், உடனே தெருவை அளக்கப் போய்விடுவேன்.