வியாழக்கிழமை நாலு மணிக்கு வராத போன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாத வியாழக்கிழமை சாயங்காலம். அரியலூர் ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலைக்கு வெளியே, லோடுக்காக நிற்கும் லாரி வரிசையில் நடந்தது இது.

நான் லாரி டிரைவர். ஊர் பெரம்பலூர் பக்கம். அந்த வரிசையில் நின்றால் பகல் முழுக்கவும் போகும், மறுநாளும் ஆகும். எனக்கு மாத்திரைப் பழக்கம் வந்ததும் அதே வரிசையில்தான். இடுப்பு வலிக்கிறது என்று ஒருநாள் முனகினேன். பக்கத்து வண்டிக்காரர் வெற்றிலை பாக்கு நீட்டுகிற மாதிரி ஒரு வலி மாத்திரையை நீட்டினார். எங்கள் தொழிலில் அது ஒரு மரியாதை, வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். முதலில் வலிக்காகப் போட்டேன். பிறகு வலி இல்லாதபோதும் போட்டேன். கடைசியில் போடாவிட்டால்தான் வலி என்று ஆகிவிட்டது. குடித்தால் நாற்றம் வரும், இது யாருக்கும் தெரியாது என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன், மடையன். தெரியாமல் போகுமா? என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு ஆண்டிமடத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் இருந்த இருப்புக்கு அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

பிறகு நானே ஒரு சிகிச்சை மையத்தில் போய்ச் சேர்ந்தேன். உடம்பெல்லாம் முறுக்கி, மூக்கு ஒழுகி, தூக்கமில்லாமல் கிடந்து, ஒருவழியாகத் தேறினேன். வெளியே வருகிற அன்று இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். சிகிச்சை முடிந்து போகிறவர்களில் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்களாம். வாராவாரம் போன் பண்ணி விசாரித்தால் அது குறையுமா என்று ஆராய்ச்சி பண்ணுகிறார்களாம். சேருகிறீர்களா என்று கேட்டார்கள். உடனே கையெழுத்துப் போட்டேன். அவர்களுக்கு ஆராய்ச்சி. எனக்கோ, வாரத்தில் ஒருநாளாவது என் போன் அடிக்குமே என்ற ஆசை. சொந்தக்காரர்கள் என் நம்பரையே மறந்திருந்த காலம் அது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒரு பெண் பேசும். சின்ன வயதுக் குரல். பேர் சொல்லக் கூடாதாம். தாளைப் பார்த்துப் படிக்கும்: "கடந்த ஒரு வாரத்தில் மாத்திரை உட்கொண்டீர்களா? உறக்கம் எவ்வாறு இருந்தது?" எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"ஏம்மா, ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாரியே கேக்குறியே. தூங்குனீங்களான்னு கேட்டா ஆவாதா?"

"எழுதிருக்கிறத மாத்தக் கூடாதுண்ணா" என்று அதுவும் சிரிக்கும்.

கடைசிக் கேள்வி மட்டும் ஒவ்வொரு வாரமும் என்னைக் குத்தும். "உங்கள் மனதில் உள்ளதை யாரிடமாவது வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டீர்களா?"

"பேசுனேனே, ஒன்கிட்டதான்."

"நான் கணக்குல வர மாட்டேண்ணா. ஆராய்ச்சி ஆளச் சேக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. இல்லைன்னுதான் போடணும்."

சரி, இல்லை என்றே போடும்மா என்பேன். இப்படியே வாரம் ஓடியது. வியாழக்கிழமை என்றால் நாலு மணிக்கு முன்னாடியே வண்டியை ஓரங்கட்டி, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போனில் பேச எதற்கு முகம் கழுவ வேண்டும் என்று கேட்காதீர்கள். என் நிலைமை அப்படி.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பெண் எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்துவிட்டு, இதுதான் கடைசி அழைப்பு, ஆராய்ச்சிக்காலம் முடிந்தது, ஒத்துழைப்புக்கு நன்றி என்று படித்தது. அப்புறம் தாளில் இல்லாததாக, "ஒடம்பப் பாத்துக்கங்கண்ணா" என்றது. முதலில் கையெழுத்து வாங்கும்போதே இத்தனை மாதம்தான் என்று சொல்லியிருந்தார்கள். நான்தான் மறந்துபோயிருந்தேன். போனைப் பட்டென்று வைத்துவிட்டேன். அந்தப் பெண் மேல் எனக்கென்ன கோபம்? இருந்தாலும் வந்தது.

அடுத்த வியாழக்கிழமைதான் நான் சொல்ல வந்த நாள்.

காலையில் டீ குடித்துக்கொண்டே போனைப் பார்த்தேன். என் மச்சினன் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். பச்சைப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கழுத்தில் மாலையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. யாரோ என்று தள்ளப்போனேன். என் மகள். வயதுக்கு வந்து, சடங்கும் முடிந்திருக்கிறது. தாய்மாமன் சீர்த்தட்டோடு நின்று சிரிக்கிறான். அப்பன் இல்லாத குறை அந்தப் படத்தில் எங்கேயும் தெரியவில்லை.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். வழியில் பழைய கூட்டாளி ஒருத்தனிடம் ஒரு அட்டை மாத்திரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வரிசையில் வந்து நின்றேன். நாலு மணி வரைக்கும் பார்ப்போம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். போன் வராது என்று தெரியும். தெரிந்தே காத்திருந்தேன்.

நாலு மணி தாண்டியது. நானே அந்த நம்பருக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்று மெஷின் சொன்னது. மாத்திரை அட்டையை எடுத்து மடியில் வைத்தேன். அப்போது என்ன தோன்றியதோ, அந்தப் பெண் படிக்கிற மாதிரியே சத்தமாக ஆரம்பித்தேன். "கடந்த ஒரு வாரத்தில் மாத்திரை உட்கொண்டீர்களா?" "இல்ல." "உறக்கம் எவ்வாறு இருந்தது?" "தூக்கம் எங்கம்மா வருது." காலி கேபினில் நானே கேட்டு, நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னால் வரிசை நகர்ந்ததும் தெரியவில்லை, பின்னால் ஹாரன் அடித்ததும் காதில் விழவில்லை.

கதவு படீரென்று திறந்தது. பின் வண்டி டிரைவர். பாடாலூர்க்காரர், என்னைவிடப் பெரியவர். முகம் மட்டும் பழக்கம், பேசியதில்லை. சண்டைக்குத்தான் வந்தார்.

"யோவ், காது அவிஞ்சு போச்சா? வண்டிய எடுய்யா! யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க, கையில போனக் கூடக் காணும்?"

அவர் கண் என் மடியில் இருந்த அட்டைக்குப் போனது. கதவைப் பிடித்தபடி படியில் ஒரு காலை வைத்தார். நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் யாரிடமாவது பகிர்ந்துகொண்டீர்களா என்ற அந்தக் கடைசிக் கேள்வி இன்னும் பாக்கி இருந்தது.

"எம் மவ வயசுக்கு வந்துட்டாண்ணே. எனக்கு யாரும் சொல்லல" என்றேன். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். ஆம்பளை அழலாமா என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. மாத்திரை, மையம், ஆண்டிமடம், அந்தப் போன், எல்லாமே கொட்டிவிட்டது.

அவர் மேலே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு கத்துக் கத்தினார்: "அடங்குங்கடா! இங்க ஒரு மனுசன் பேசிக்கிட்டு இருக்கான்ல? அவசரம்னா சுத்திக்கிட்டுப் போங்க!"

சுற்றிக்கொண்டுதான் போனார்கள். ஒவ்வொரு லாரியாக எங்களைத் தாண்டிப் போய் முன்னால் நின்றது. வரிசையில் இடம் போனால் அன்றைக்கு லோடு கிடைக்காது, வண்டி முதலாளியிடம் பேச்சு வாங்க வேண்டும். என் வண்டியால் என் இடம் போனது நியாயம். அவர் இடமும் சேர்ந்து போனது. "ஒங்க வண்டியாவது போவட்டும்ண்ணே" என்றேன். "கெடக்குது வுடு" என்று சொல்லிவிட்டு, தன் வண்டியிலிருந்து தூக்குப் போணியை எடுத்து வந்தார். பழைய சோறு, உரித்த சின்ன வெங்காயம். என் கையில் பாதியைக் கொடுத்தார்.

ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. அந்த அட்டையை என்னிடமிருந்து பிடுங்கவும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் நானே கீழே இறங்கி, மாத்திரைகளைத் தரையில் உதிர்த்து, செருப்புக் காலால் சிமென்ட் தூசியோடு தூசியாகத் தேய்த்தேன். அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஆண்டிமடத்துக்கு இப்பவே ஓடிப்புடாத. இந்த மூஞ்சியோட போனீனா ஒம் மவளே பயந்துருவா" என்றார். அழுத முகத்தோடு சிரித்தேன்.

சில மாதம் கழித்து அந்த ஆராய்ச்சிக்காரர்கள் எங்களில் சிலரைக் கூப்பிட்டு, சிகிச்சையில் எதை மாற்றலாம் என்று கேட்டார்கள். என் முறை வந்தபோது சொன்னேன்: "கேள்வியெல்லாம் நல்ல கேள்விதாங்க. ஆனா ஆளு இருக்கான்னு கேட்டுட்டுப் போனா போதுமா? இல்லைன்னு சொல்றவனுக்கு ஒரு ஆளக் காட்டிட்டுப் போவணும்ல?" அந்தப் பெண்ணும் அந்த அறையில் எங்கேயோ இருந்திருக்கலாம். குரலைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது, யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது அந்த மையத்தில், தேறியவர்களை வைத்துப் புதிதாக வெளியே போகிறவர்களுக்குப் போன் பேசச் சொல்கிறார்கள். எனக்குக் கொடுத்தது செந்துறைப் பக்கத்துப் பெயிண்டர் தம்பி ஒருவனை. மனைவி இன்னும் ஆண்டிமடத்தில்தான் இருக்கிறாள். மகள் எப்போதாவது பேசுவாள், "சாப்டியாப்பா" என்பதோடு சரி. வீடு இன்னும் வெறிச்சென்றுதான் கிடக்கிறது. ஆனால் வியாழக்கிழமை நாலு மணிக்கு எங்கே இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டி முகம் கழுவிக்கொள்கிறேன்.

முதல் வாரம் அந்தத் தம்பியிடம் கேட்டேன், மனசுவிட்டு யார்கிட்டயாச்சும் பேசுனியாடா என்று. "யாருண்ணே இருக்கா, ஒங்ககிட்டதான்" என்றான்.

"பரவால்லடா. நான் கணக்குல வருவேன்" என்றேன்.

தன் லோடு போனாலும் பரவாயில்லை என்று என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்த அந்தப் பாடாலூர்க்காரரால்தான் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் தகுதி எனக்கு வந்தது என்று, ஒவ்வொரு வியாழக்கிழமையும் போனை எடுக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.